பொத்தானை இடம் மாற்றுவதற்கு முன்

பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் பணம் அனுப்பும் செயலிகளையும் வங்கிச் செயலிகளையும் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,



அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பள்ளி வயதைக் கடந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். பஸ் நம்பர் பார்ப்பது, கடையில் மிச்சம் எண்ணி வாங்குவது, வீட்டு முகவரி சொல்வது என்றிருந்த பாடங்களோடு சில ஆண்டுகளாகச் செல்போனில் பணம் கொடுப்பதும் சேர்ந்துகொண்டது. நீங்கள் வரைந்த திரைகளை வைத்துத்தான் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். அதனால் உங்களிடம் நேராகவே பேசுகிறேன்.

கேட்க வந்தது இதுதான்: மக்கள் கைக்குப் பழகிவிட்ட திரையைக் கலைக்காதீர்கள். கலைத்தே ஆகவேண்டும் என்றால், எப்போது மாறுவது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். பெரிய எழுத்து, எளிய தமிழ், குறைந்த பொத்தான்கள் என்று கேட்க இன்னும் நிறைய உண்டு. ஆனால் அவற்றையெல்லாம் செய்து முடித்து, ஆறு மாதத்துக்கொரு முறை எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தால், செய்தது அத்தனையும் வீண்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மாணவர் ஒருவர், முப்பது வயதைத் தாண்டியவர், ஜெராக்ஸ் கடையில் தாள் அடுக்கும் வேலை பார்க்கிறார். எழுத்துக்கூட்டிப் படிப்பார். வாக்கியம் நீண்டால் பாதியில் விட்டுவிடுவார். எண்கள் தெரியும், ஆனால் நூறு ரூபாயை நீட்டி மிச்சம் வாங்கினால் சரிதானா என்று பார்க்க வராது. அவருக்கு யூபிஐ எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். டீ பன்னிரண்டு ரூபாய் என்றால் பன்னிரண்டு ரூபாய்தான் போகும். மிச்சம் எண்ண வேண்டாம். யாராவது ஏமாற்றிவிட்டார்களா என்று வீட்டில் கேள்வி இல்லை.

இதை அவர் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின. எங்கள் முறையில் எந்த வேலையையும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக்கொள்வோம். பல நேரம் கடைசிப் படியிலிருந்து தொடங்குவோம். முதலில் எல்லாவற்றையும் நான் செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவரைத் தொடச் சொல்வேன். அது கைக்கு வந்ததும் அதற்கு முந்தைய படி, பிறகு அதற்கும் முந்தையது. இப்படிப் பின்னாலிருந்து முன்னே வந்து, கீழே நடுவிலிருக்கும் ஸ்கேன் வட்டத்தைத் தொடுவது, போனைக் கடையின் க்யூஆர் கட்டத்தின்மேல் காட்டுவது, தொகையை அடிப்பது, பச்சையைத் தொடுவது, ரகசிய எண்ணைப் போடுவது என்று ஐந்தும் ஒரே ஓட்டமாக வரும்வரை பழகினார். டீக்கடை ஒலிப்பெட்டி தொகையைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் போனைச் சட்டைப் பையில் வைப்பார். அந்தப் பெட்டி கடைக்காரருக்காக வந்த பொருள். ஆனால் 'பணம் போய்ச் சேர்ந்ததா?' என்ற கேள்விக்குத் திரையைப் படிக்காமலே விடை தருகிறது. என் மாணவர்களுக்கு இவ்வளவு உதவிய வேறொரு வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் செயலி அப்டேட் ஆனது. கீழே நடுவிலிருந்த வட்டம் ஓரத்துக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் கடன் வாங்கச் சொல்லும் பொத்தான். அவர் விரல் பழைய இடத்துக்கே போயிற்று. பான் எண் கேட்டு ஒரு பக்கம் திறந்தது. அதிலிருந்து திரும்பி வந்தால் பரிசுக் கூப்பன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். "விடு தம்பி, நாளைக்குக் குடு" என்றார் கடைக்காரர், நல்ல மனிதர். மறுநாளிலிருந்து அம்மா எண்ணிக் கொடுத்த சில்லறையோடுதான் இவர் டீ குடிக்கப் போனார். வகுப்புக்கு வந்து என்னிடம் சொன்னது: "மறந்துட்டேன் மிஸ்."

அவர் எதையும் மறக்கவில்லை. கற்ற இடத்துக்கு விரல் சரியாகத்தான் போனது.

இதற்குப் பின்னால் இருக்கும் மூளைக் கதையைச் சொல்ல வேண்டும். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பைக் குறைப்பதற்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இரு பக்கமும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சற்றுமுன் பேசியவரையே புதிதாகச் சந்திப்பவர்போல் வரவேற்பார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். தாளில் இருக்கும் நட்சத்திரத்தின் கோட்டைப் பிடித்து வரைய வேண்டும். ஆனால் தாளையும் கையையும் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். யாருக்கும் முதலில் தாறுமாறாகத்தான் வரும். மொலைசன் மூன்று நாளில் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் இதை இப்போதுதான் முதன்முதலாகச் செய்வதாக எண்ணினார். நடந்ததை நினைவுகூர்வதும், கை ஒரு வேலையைப் பழகிக்கொள்வதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

என் மாணவர்கள் மொலைசன் அல்ல. ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதம். ஆனால் சொல்லி நினைவில் வைப்பது கடினமாக இருக்கும் பலருக்குச் செய்து செய்து கைக்கு வந்தது நிலைத்து நிற்கிறது. மறதி நோயின் தொடக்கத்தில் இருக்கும் பெரியவர்களையும் பாருங்கள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாதவர், பூ கட்டக் கொடுத்தால் சரமாகக் கட்டிவிடுவார். அந்தக் கைப்பழக்கம்தான் எங்கள் கையில் இருக்கும் முதல். ஒரே இடம், ஒரே நிறம், ஒரே வரிசை என்று இருக்கும்வரைதான் அது செல்லும். பொத்தான் நகர்ந்ததும் கை அறிந்தது பயனற்றுப் போகிறது. புதிதாகத் தேடுவதற்கு எந்தத் திறன் அவர்களுக்குக் குறைவோ அதையே கேட்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் இது அஞ்சறைப் பெட்டியில் யாரோ கடுகையும் சீரகத்தையும் இடம் மாற்றி வைத்த மாதிரி. சின்ன எரிச்சல், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவோம்.

நம் ஊரில் இதை நன்றாக அறிந்த துறை ஒன்று இருக்கிறது. பேச முடியாத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேசுவதற்கான கருவிகள். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' அந்த வகை. கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து வளர்ந்து, பிறகு பல நாடுகளுக்குப் போனது. இந்தத் துறையில் வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர்கள் பலர் ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள்: 'வேணும்' என்ற படம் இன்று எந்த மூலையில் இருக்கிறதோ, குழந்தைக்கு ஆயிரம் சொல் தெரிந்த பிறகும் அதே மூலையில்தான் இருக்க வேண்டும். புதிய சொற்கள் வரட்டும். பழைய சொல் நகரக் கூடாது. குழந்தை ஒவ்வொரு முறையும் படத்தைத் தேடிப் பேசுவதில்லை. நாக்கு எப்படி இடம் பழகிச் சொல்லை உச்சரிக்கிறதோ அப்படித்தான் விரலும் இடம் பழகிப் பேசுகிறது.

இதெல்லாம் மிகச் சிலருக்கானது என்று உங்களில் யாராவது நினைக்கலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. 1995-ன் பழைய சட்டத்தில் இருந்தவை 7. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள், மனநோய், பார்க்கின்சன்ஸ் என்று நினைவையும் கவனத்தையும் படிப்பதையும் தொடும் பல நிலைகள் 21-ல் அடக்கம். பக்கவாதம் வந்து சொற்களை இழந்தவர்கள், பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், மாத்திரையின் மந்தத்தோடு நாளைக் கழிப்பவர்கள் இவர்களோடு சேர்ந்து நிற்கிறார்கள். அடையாள அட்டையே வாங்காத உங்கள் அப்பா அம்மாவும் இந்த வரிசையில் ஒரு நாள் நிற்கக்கூடும்.

இனி நீங்கள் தினமும் செய்யும் வேலைக்கு வருகிறேன்.

யூபிஐ-யில் ரகசிய எண் கேட்கும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்தாலும் அந்தப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுபோலவே வருகிறது. காரணம் உங்களுக்கே தெரியும்: யூபிஐ-யை நடத்தும் என்பிசிஐ பாதுகாப்புக்காகத் தரும் பொதுப் பக்கம் அது. என் வகுப்பில் மிகக் குறைவாகத் தடுமாறும் இடம் அதுதான். ஒரு முறை பழகியவர் போனை மாற்றினாலும் செயலியை மாற்றினாலும் அங்கே நிற்பதில்லை. எண்களின் அடுக்கும் அப்படித்தான். 1963-ல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி வந்தபோது மேல் வரிசையில் 1, 2, 3 என்று வைத்தார்கள். இன்றும் அதே வரிசை. போட்டி நிறுவனங்கள்கூட ஒரு திரையை ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சி வேண்டாம். பாதுகாப்பு என்ற பெயரில் ஒவ்வொரு முறையும் எண்களைக் கலைத்துப் போடும் சில வங்கித் தளங்களின் விசைப்பலகை இதற்கு நேர் எதிர். அதில் என் மாணவர்களில் ஒருவராலும் தனியாக உள்ளே போக முடியவில்லை.

எல்லாவற்றையும் உறையவைக்கச் சொல்லவில்லை. ஸ்கேன் செய்வது, ஒருவருக்குப் பணம் அனுப்புவது, இருப்பைப் பார்ப்பது, உதவிக்கு ஆளை அழைப்பது. இந்த நான்கின் இடமும் நிறமும் படமும் மாறாமல் இருக்கட்டும். மேலே என்ன வேண்டுமானாலும் கட்டுங்கள். பெரிய மாற்றம் வந்தால் 'பழையபடியே வைத்துக்கொள்' என்ற வாய்ப்பை முதல் திரையிலேயே காட்டுங்கள். அமைப்புகளுக்குள் ஐந்தாம் அடுக்கில் புதைக்க வேண்டாம். இரண்டு வடிவங்களைப் பராமரிப்பது செலவு என்று உங்கள் மேலாளர்கள் சொல்வார்கள். ஆம், செலவுதான். இப்போது அந்தச் செலவை என் மாணவர் சில்லறையாகவும், அவர் அம்மா கவலையாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் நிறுவனம் கொடுப்பதுதான் நியாயம்.

ஓடிபி-யைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு எண்கள் குறுஞ்செய்தியாக ஒரு திரையில் வரும்; இன்னொரு திரையில் போட வேண்டும்; நடுவில் நொடிகள் சிவப்பில் ஓடும். போகிற வழியில் எண்களை மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். மனம் ஒரு நேரத்தில் ஏந்தக்கூடியது நான்கைந்து துண்டுகள்தாம் என்பது பொதுவான கணக்கு. என் மாணவர்கள் பலருக்கு இரண்டு. சிலர் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே திரை மாறுவார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல். பாதுகாப்புக்காக வைத்த பூட்டு அங்கே பாதுகாப்பையே கெடுக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி நெறிகளின் 2.2 பதிப்பு இதைக் கவனித்தது. உள்நுழையும்போது நினைவாற்றலையோ புதிர் தீர்க்கும் திறனையோ மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஒட்டுவதையும் கடவுச்சொல்லைத் தானே நிரப்புவதையும் தடுக்காமல் விட்டால் போதும், அது ஒரு வழி என்கிறது. ஒட்டவிடாமல் தடுக்கும் அந்த ஒரு வரி நிரலை இன்றே எடுத்துவிடலாம். நேரம் முடியுமுன் எச்சரித்து, எளிதாக நீட்டிக்க வழி கொடுங்கள் என்பதோ 2008 முதல் இருக்கும் விதி.

அதே நெறிகள் ஒரு தளத்தின் பக்கத்துக்குப் பக்கம் வழிகாட்டிப் பட்டி ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. உதவிப் பொத்தானுக்கும் அதே விதியை 2.2 பதிப்பு சேர்த்தது. ஆனால் இந்த மாதப் பதிப்புக்கும் அடுத்த மாதப் பதிப்புக்கும் இடையே அதே ஒழுங்கு வேண்டும் என்று அவற்றின் அளவுகோல்களில் ஒன்றும் இல்லை. சோதனைப் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு, என் மாணவரின் வட்டத்தைத் தூக்கி ஓரத்தில் வைக்க முடியும். எந்தத் தணிக்கையும் அதைப் பிடிக்காது. அதனால்தான் தரநிர்ணய அமைப்புகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

செய்திகளின் மொழியையும் பாருங்கள். 'தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது' என்று வந்தால் என் மாணவர் மறுபடியும் பணம் அனுப்புவார். 'பணம் இன்னும் போகவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம். நாளைக்குள் தெரியும்' என்று எழுதினால் நிற்பார். அவருக்கு வேண்டியது காரணம் அல்ல, இப்போது என்ன செய்வது என்பது. யாருக்குப் போகிறது என்பதைப் பெரிய எழுத்தில் காட்டி, 'சரி' சொல்வதற்கு முன் ஒரு நொடி நிற்கவிட்டால் தவறிய பணத்தில் பாதி தவறாது என்பது என் அனுபவம்.

ஏமாற்று வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது; நீங்கள் படித்திருப்பீர்கள். பளிச்சென்ற 'ஆம்', மங்கிய சாம்பலில் 'பிறகு' என்பது உங்களுக்கு விற்பனை விகிதம். நிறத்தைப் பார்த்துத் தொடக் கற்றவருக்கு அது கடன்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த ஏற்பாட்டைச் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அளித்த தீர்ப்பு இன்னும் நேரானது. ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்தவர்களிடம் வங்கிக் கணக்குக்காகக் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொன்னார்கள், அவர்களால் முடியவில்லை. பார்வையற்ற ஒருவரும் வழக்குத் தொடுத்திருந்தார். மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்து 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டத் தெரிந்தும், 'தலையை இடப்பக்கம் திருப்பவும், இப்போது எண்ணை வாசிக்கவும்' என்ற ஆணைகள் அடுத்தடுத்து வரும் வேகத்தில் உறைந்துபோகும் என் மாணவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும் என்றே நம்புகிறேன்.

கடைசியாக, சோதனை. உங்கள் செயலிகளை யாரிடம் கொடுத்துப் பார்க்கிறீர்கள்? சிறுசேரியிலிருந்து முட்டுக்காடு தூரமில்லை. பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் அங்கே கடலோரத்தில்தான் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர். மறதி நோய் உள்ளவர்களோடும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களோடும் பல ஆண்டுகளாக வேலை செய்யும் ஸ்கார்ஃப் அண்ணா நகரில். யாரையும் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

வரும்போது சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'இது எளிதா?' என்று கேட்காதீர்கள். என் மாணவர்களில் பெரும்பாலோர் 'ஆமா' என்பார்கள். கேட்பவரை மகிழ்விக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பழக்கப்பட்டவர்கள் அவர்கள். கேள்வியைத் திருப்பி 'இது கஷ்டமா?' என்றால் அதற்கும் 'ஆமா'தான். கேட்காமல் கையைப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் பேசாமல் அவரிடமே பேசுங்கள். சம்மதப் படிவத்தை அவருக்குப் புரியும் நான்கு வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தை அவருக்கும் கொடுங்கள், பிஸ்கட் பாக்கெட்டும் சான்றிதழும் வேண்டாம். முதல் நாள் செய்துவிட்டார் என்று எழுதிக்கொண்டு போய்விடாமல் அடுத்த வாரமும் வாருங்கள். சொல்லிக்கொடுக்காமல் அன்றும் செய்கிறாரா என்று பார்த்தால்தான் உங்கள் திரை கைக்குப் பழகக்கூடியதா என்று தெரியும். புதிய பதிப்பை எடுத்து வரும்போது, பழையது கைக்கு வந்தவரிடமே கொடுத்துப் பாருங்கள். புதியவரிடம் கொடுத்தால் நான் சொல்லும் இழப்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அந்த ஜெராக்ஸ் கடை மாணவருக்கு இப்போது வேறொரு செயலியில் முதல் படியிலிருந்து, அதாவது கடைசிப் படியிலிருந்து, மறுபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தில் மூன்று வந்துவிட்டது. அந்தச் செயலியைச் செய்பவர்களும் இந்த மடலைப் படிக்கக்கூடும். அடுத்த அப்டேட்டில் எதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று வெளியிடுவதற்கு முன் எங்களைப் போன்ற சிறப்பாசிரியர்களுக்குத் தெரியப்படுத்த ஒரு வழி ஏற்படுத்துங்கள். இரண்டு மாதம் முன்னால் தெரிந்தால் போதும், அட்டைகளில் புதிய படங்களை ஒட்டி நாங்கள் பழக்கத் தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு சிறப்பாசிரியர்